ஒரு சொம்பு தண்ணீர், ஒரு சுற்று ரயில்

பட்டறையின் தெற்கு மூலையில், பழைய டிரில்லிங் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ரயில் எஞ்சின் நிற்கிறதல்லவா, அதன் முதுகில் நீங்கள் டிபன் பாக்ஸ் வைக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. உயரமும் தோதாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் வந்தபோது அதன் புகைபோக்கிக்குள் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தது. அதைப் போட்ட மகராசன் யாரென்று நான் கேட்கப் போவதில்லை. காதைச் சொறிந்துகொண்டு என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் என்ன ஆகும் என்று உங்கள் மேனேஜர் யோசித்திருக்க வேண்டும். நாலு வார்த்தையோடு நான் எப்போது நிறுத்தியிருக்கிறேன்? லேத்தில் எப்படி நிற்பது, மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் படம் போட்டுவிட்டு, அது வெட்டித் தருவதைச் சட்டையில் கறை படாமல் எடுத்துக்கொண்டு போகிற கூட்டம் நீங்கள். அதனால் வேலை எப்படிச் செய்வது என்று சொல்லப் போவதில்லை. வேலையை எப்போது நிறுத்துவது என்பதை மட்டும், அந்த எஞ்சினை வைத்துச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இந்தப் பட்டறை அப்போது எட்டயபுரம் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. வெயில் காலத்தில் லேத்தின் மேல் தோசை ஊற்றலாம். சுற்றுவட்டாரத் தீப்பெட்டி ஆலைகளில் கையால் சுற்றுகிற கருவிகளைப் பழுது பார்த்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம். நாங்கள் என்றால் நானும், என்னை நம்பியிருந்த நாலைந்து குடும்பங்களும்.

ஒருநாள் ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி வந்தார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆலை வேலைக்கு வருகிற பெண்களின் பிள்ளைகளுக்காக, ஆலை வாசலை ஒட்டியே அவர் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஏதோ ஒரு பெரிய ஊரில், பூங்காவில் குட்டி ரயில் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கண் அங்கேயே தங்கிவிட்டது.

"ஆயுத பூஜைக்கு நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு ஒரு ரயிலு விடணும்வே. பொம்மை இல்ல. கரி போட்டு, புகை விட்டு, பிள்ளைய மேல ஏறி உக்காந்து போற ரயிலு."

"செய்யலாம் அண்ணாச்சி. செலவு..."

"செலவு கூடக் கூடாது. பேரு குறையக் கூடாது." இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணும் கேட்டுக்கிடும். அடுத்த வருசம் ஆலைக்கு மிஷினு போடப் போறேன். கோயம்புத்தூர்க்காரன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான். உம்ம ரயிலு ஒழுங்கா ஓடுச்சுன்னா அந்த மிஷின உம்ம பட்டறையில செய்யச் சொல்லுதேன். ஓடலன்னா அவன்தான்."

இதன் அர்த்தம் உங்களுக்குப் புரிய வேண்டும். ஆலைகளில் மிஷின் வந்துவிட்டால் கைக்கருவி இருக்காது. கைக்கருவி இல்லையென்றால் எங்களுக்குப் பழுது பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த ஆர்டர் வந்தால் பட்டறை நிற்கும், வராவிட்டால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ஆளுக்கு ஒரு திசையில் போக வேண்டியதுதான். ஒரு குட்டி ரயில் இத்தனை பேரை இழுத்தாக வேண்டும்.

என் கூட்டாளி பொன்னுசாமிக்கு எப்போதும்வென்றான் சொந்த ஊர். அரம் பிடித்தால் அவன் கைக்கு ஈடு கிடையாது. வாய்க்கும் கிடையாது. சிக்கனம் என்று சொல்லிவிட்டால் போதும், ஊரிலுள்ள காயலான் கடைகள் எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை மாதிரி போய் வந்தான். மூடிப்போன ஜின்னிங் மில்லின் கப்பிகளைக் கடைந்து சக்கரம் ஆக்கினோம். எஞ்சினுக்கும் பின்னால் பிள்ளைகள் உட்காரும் வண்டிக்கும் அடிச்சட்டம் யாரோ கல்யாணத்துக்கு வாங்கிய இரும்புக் கட்டில், அதை ஏன் விற்றார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. புகைபோக்கி, பழைய டீசல் பம்புசெட்டின் சைலன்சர். முதுகில் பளபளவென்று குமிழ் மாதிரி கவிழ்ந்திருக்கிறதே, அது பொன்னுசாமியின் மனைவி சீர்வரிசையில் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு. அந்தம்மா இன்றுவரை அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆகவே தெரியாது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பொன்னுசாமி பஞ்சர் கடையிலிருந்து பழைய காற்றுத் தொட்டி ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, பாய்லர் வந்துட்டு!"

"துருப்பிடிச்சுக் கெடக்கு. இதுக்குள்ள நெருப்பையும் தண்ணியையும் வச்சு, நீ அதுக்கிட்ட உக்காருவியா?"

"நான் எதுக்கு உக்காருதேன்? நீங்கதான ஓட்டப் போறீய."

வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பினேன். பாய்லருக்கு மட்டும் புதுத் தகடு, புதுக் குழாய், நல்ல வெல்டர். அதில் மட்டும் நான் கையைச் சுருக்கவில்லை. பொன்னுசாமி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அந்த வாரம் வேலை வேகமாக நடந்தது.

பாய்லர் பற்றிக் கேட்க எங்களுக்கு ஒருவர் கிடைத்தார். ஒரு நூற்பு மில்லில் பாய்லர் ஓட்டுகிறவர். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் என்னை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். பெயர் வேண்டாம். புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள், ரொம்பப் பிடிக்கும், அதனால்தான். எங்கள் டீயைக் குடித்து, எங்கள் வடையைத் தின்று, எங்களையே திட்டிவிட்டுப் போவார். அவர் இரண்டு விஷயம் சொன்னார்.

முதலாவது, பாய்லருக்குள் தண்ணீர் போக இரண்டு வாசல் வேண்டும், ஒன்று அடைத்தால் இன்னொன்று. இரண்டாவது, பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், அதைப் பற்றியது.

"தண்ணி நெலவரம் சந்தேகமா இருந்துச்சுன்னா நின்னு யோசிக்காத தம்பி. ஆளை எறக்கு, நெருப்பைக் கீழ தள்ளு. யோசிச்சுக்கிட்டு நின்னவன் எவனும் வந்து, என்ன யோசிச்சேன்னு சொன்னதில்ல."

இரண்டாவதை மனதில் வாங்கிக்கொண்டோம். முதலாவதைச் சிக்கனம் தின்றுவிட்டது. இரண்டு பம்பு வைத்தோம், சக்கரத்தோடு ஓடுகிற ஒன்றும் கையால் ஆட்டுகிற ஒன்றும். ஆனால் இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான், ஒரே வால்வு. இரண்டு மாப்பிள்ளைக்கு ஒரே வேட்டி எடுத்த கதை.

இனி தண்ணீருக்கு வருகிறேன். நீராவி எஞ்சினுக்கு நீர் வேண்டும். கோவில்பட்டியில் நின்றுகொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு பெரிய தைரியம் என்று தெரியும். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் அந்தக் காலத்தில். வைத்தால் பந்தியில் ஆள் இருக்காது, எல்லோரும் குடத்தோடு தெருவில் நிற்பார்கள். ஆலை வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு ஒன்று உண்டு, அது உப்பு. வேலைக்கு வருகிற பெண்கள் குடிப்பதற்கு நல்ல தண்ணீர் லாரியில் வரும். அந்தத் தண்ணீர் முதலாளியின் அக்காவுடைய கையில் இருந்தது.

ஆலை தம்பி பேரில், அதிகாரம் அக்காவிடம். தீப்பெட்டி ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோர் மடியையும் சோதிக்கிறவர் அவர். தம்பியின் சட்டைப்பையையே ஒருமுறை சோதித்தார் என்று சொல்வார்கள். நான் போய் நின்றேன்.

"எதுக்கு நல்ல தண்ணி?"

"எஞ்சினுக்குக்கா."

"போர் தண்ணி கெடக்குலா."

"அது உப்புக்கா. காய்ச்சக் காய்ச்ச உள்ளுக்குள்ள சுண்ணாம்பாப் பிடிச்சுக்கிடும். குழாயி அடைச்சிரும். உங்க வெந்நீர்ப் பானைக்குள்ள கையை விட்டுப் பாருங்க."

"மனுசன் குடிக்குற தண்ணியக் கொதிக்க வச்சு ஆகாசத்துல விடப் போறியாக்கும்? ஏப்பா லேத்து, நீ இந்த ஊர்க்காரன்தான?"

உண்மையில் அது நியாயமான கேள்வி. கடைசியில், பிள்ளைகள் ஏறுகிற வண்டி, தண்ணீர் விஷயத்தில் விளையாடக் கூடாது என்று கெஞ்சினேன். பிள்ளைகள் என்றதும் இறங்கி வந்தார்.

"சரி. லாரி வரும்போதெல்லாம் ஒரு டிரம்மு. அதுக்கு மேல கேட்டா ஒன்னய டிரம்முக்குள்ள போட்டு மூடிருவேன்."

தண்ணீர் பொறுப்பைப் பொன்னுசாமியிடம் கொடுத்தேன். அவன் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான். சோதனை ஓட்டம் முடிந்ததும் தினமும் மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினை வெள்ளைப் புள்ளி இல்லாமல் துடைத்து வைப்பான். பக்தி என்று நினைத்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் தண்டவாளம் போட்டோம். நெல்லிக்காய் அளவு நட்டு ஒன்று கீழே விழுந்தால் போச்சு. புரட்டாசிக் கரிசல் பிளந்து கிடக்கும், அந்த வெடிப்புக்குள் போனதை ஐப்பசி மழைதான் திருப்பித் தர வேண்டும். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து சீமைக்கருவேலங் கரி மூட்டைகள் வந்தன. சோதனை ஓட்டங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. நன்றாக நடக்கிற சோதனை ஓட்டத்தைப் போல ஆளை ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை, இதை உங்கள் கம்ப்யூட்டரிடமும் சொல்லி வையுங்கள்.

ஆயுத பூஜையன்று மைதானத்தில் பந்தல். ஆலைக்காரர்கள், கடைக்காரர்கள், இடைசெவலிலிருந்து முதலாளியின் சம்பந்திகள் என்று நல்ல கூட்டம். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எடுக்க முடியுமா? வைத்துப் பார்த்தால் பழம் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு நின்றது. அதன்மேல் ஏறினால் எஞ்சின் தண்டவாளத்தை விட்டு இறங்கி நேராகப் பந்தலுக்கே போய்விடும். பொன்னுசாமி ஓடிப்போய் அக்கா வீட்டு அடுப்படியிலிருந்து சுண்டைக்காய் கொண்டுவந்தான். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தோம்.

"சாமி கோவிச்சுக்கிடாதாக்கா?" என்றார் முதலாளி.

"சாமிக்கும் தெரியும்ல, இது குட்டி ரயிலுன்னு," என்றார் அக்கா.

சுண்டைக்காய் பட் பட்டென்று நசுங்கியது. முதல் சுற்றில் முதலாளி ஏறினார். மாலையோடு, முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்க, அவர் ஒரு வெட்டுக்கிளியைப் போல உட்கார்ந்து ஊரையே கும்பிட்டுக்கொண்டு போனார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்த்தபோது ஆர்டர் எங்கள் மடியில் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்து பிள்ளைகள். ஒரு தொகுதி சுற்றி வந்து இறங்கியது, அடுத்த தொகுதி ஏறியது. நான் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டினேன், பொன்னுசாமி பக்கத்திலேயே ஓடி வந்தான்.

அந்தத் தொகுதியோடு பாதி தூரம் போனபோது கைப்பம்பைத் தொட்டேன். சுட்டது. பம்பு சுட்டால், தண்ணீர் உள்ளே போகவில்லை, பாய்லரின் கொதிநீர் வெளியே திரும்பி வருகிறது என்று அர்த்தம். வாசல் வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது. வண்டியைப் பந்தலுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினேன். எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. நல்ல தண்ணீரில் ஓடுகிற எஞ்சின், ஏதோ ஒரு தூசி, ஸ்பேனரால் ரெண்டு தட்டு தட்டினால் விட்டுவிடும். கண்ணாடிக் குழாயில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது. ஸ்பேனரை எடுத்தேன்.

"தட்டாதீங்கண்ணே," என்றான் பொன்னுசாமி, குனிந்து என் காதோரம்.

"ஏன்லே?"

"தட்டி ஆகப் போறது ஒண்ணுமில்ல. அது நல்ல தண்ணி இல்லண்ணே."

"என்னது?"

"போர் தண்ணி. மொத நாள்ல இருந்தே போர் தண்ணிதான்."

"அப்போ அக்கா குடுத்தது?"

"பொம்பளைய குடிக்குற பானையில ஊத்திட்டேன்." சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "டிரம்ம எஞ்சின் வாயிக்கிட்ட வரைக்கும் கொண்டு போவேண்ணே. அதுக்கு மேல கையி சாயல. எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு எங்கம்மா எம்புட்டுத் தூரம் நடந்தா தெரியுமா? அதப் போயி நெருப்புல ஊத்தச் சொன்னா எப்படிண்ணே சாயும்?"

கையில் ஸ்பேனர் இருந்தது. வால்வைத் தட்ட வைத்திருந்ததை அவன் மண்டையில் தட்டலாமா என்று தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் அதற்குள் இன்னொரு நினைப்பு முந்திக்கொண்டது. இத்தனை நாள் உப்புத் தண்ணீர் என்றால் வால்வில் இருப்பது தூசி இல்லை, சுண்ணாம்பு. வால்வில் பிடித்த சுண்ணாம்பு கண்ணாடிக் குழாயின் துவாரத்திலும் பிடித்திருக்கலாம். அப்படியானால் கண்ணாடியில் தெரிகிற தண்ணீர் பாய்லரில் இருக்கிற தண்ணீரா, குழாயில் மாட்டிக்கொண்டு நிற்கிற தண்ணீரா? கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்னத் திறப்பு வைத்திருந்தால் திறந்து பார்த்துவிடலாம். அதையும் சிக்கனத்தில் விட்டிருந்தோம். பாய்லரில் தண்ணீர் வற்றி, நெருப்பு மட்டும் எரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பின்னால் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி பந்தலிலிருந்து எழுந்து வந்தார். "என்னவே நிக்குதீரு? எடும்."

"அண்ணாச்சி, பிள்ளையள எறக்கணும். நெருப்பைத் தள்ளப் போறேன்."

"எதுக்கு? தண்ணி தெரியுதுலா! தண்ணி தெரியுற வரைக்கும் பயமில்லன்னு நீருதானவே சொன்னீரு?"

"தெரியுது. ஆனா நம்ப முடியல."

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்து ஓட்டிட்டு நிப்பாட்டும். சம்பந்திய எல்லாம் பாத்துக்கிட்டு இருக்காவ. இங்கன வச்சு நெருப்பைக் கொட்டுனீருன்னா மிஷினு கோயம்புத்தூருக்குத்தான், சொல்லிட்டேன்."

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் எந்த மிஷினோடு எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் இந்த 'இன்னும் ஒரே ஒரு' உங்களைத் தேடி வரும். அது மரியாதையாக வரும், நியாயத்தோடு வரும், பெரும்பாலும் உங்கள் சம்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரும். அன்றைக்கு எனக்கும் வந்தது. நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். கண்ணாடி சரியாகத்தான் காட்டுகிறதோ? ஒரு சுற்றுக்குள் என்ன ஆகிவிடும்? பட்டறையின் ஷட்டர், பிள்ளைகளின் பீஸ், என் வீட்டுக்காரியின் முகம் எல்லாம் வந்து வரிசையில் நின்றன. அப்போதுதான் அந்த மில்காரரின் வடை வாய் ஞாபகம் வந்தது. யோசித்துக்கொண்டு நின்றவன் எவனும் வந்து சொன்னதில்லை.

"எறங்குங்கப்பா எல்லாரும்!" என்று கத்தினேன்.

ஒரு பிள்ளைகூட இறங்கவில்லை. காலையிலிருந்து வெயிலில் வரிசையில் நின்று ஏறிய பிள்ளைகள், அதுவும் பாதிச் சுற்றில். எப்படி இறங்கும்? முன்னால் இருந்தவனை நான் தூக்கினேன், அவன் கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் முழுசாப் போகலலா!" என்று அலறினான். முதலாளி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவில் கொதிக்கிற எஞ்சின். நான் அவன் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன்.

வாசல் நாற்காலியிலிருந்து அக்கா எழுந்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏலே! ஏட்டி! எறங்குங்க எல்லாரும்! லேத்துக்காரன் மூஞ்சியப் பாருங்க, வெளாட்டுக்குச் சொல்லுதவன் மூஞ்சியா அது?"

பிள்ளைகள் கடுகு வெடிப்பதைப் போல நாலா பக்கமும் குதித்தார்கள். பொன்னுசாமி அவர்களைத் துரத்திக்கொண்டு தூரப் போனான். நான் எஞ்சினுக்கு அடியில் இருந்த கொக்கியை இழுத்தேன். அடுப்பு கவிழ்ந்து, கரி நெருப்பு மொத்தமும் கரிசல் மண்ணில் விழுந்தது. கொஞ்சம் வெடிப்புக்குள் விழுந்து உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று எட்டிப் பார்த்தது. மேலே நீராவியை விடுகிற வால்வு சீறிக்கொண்டே இருந்து, மெதுவாகச் சத்தம் குறைந்து, அடங்கியது.

முதலாளி மாலையைக் கழற்றிப் பந்தல் காலில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சம்பந்திகளும் கிளம்பினார்கள். பிள்ளைகள் விக்கி விக்கி அழ ஆரம்பித்தன. ஒரு எஞ்சின், அதன் காலடியில் சாம்பல், பக்கத்தில் மூஞ்சி முழுக்கக் கரியோடு இரண்டு தடியன்கள். எங்கள் பட்டறை முடிந்தது என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எஞ்சின் ஆறியதும் அக்கா ஆலைப் பெண்களைப் பார்த்து, "என்னட்டி வேடிக்கை பாக்கிய? தள்ளுங்க," என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் தள்ளினார்கள். பொன்னுசாமி முன்னால் ஓடி, கையைக் குவித்துக் "கூ..." என்று கத்தினான். ஏறாத பிள்ளை பாக்கியில்லாமல் எல்லோரும் ஏறிச் சுற்றினார்கள். ஒரு பிள்ளைகூட நீராவி எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் பாய்லரைத் திறந்து பார்த்தோம். வால்வில் கம்பு மணி அளவுக்குச் சுண்ணாம்புக் கட்டி உட்கார்ந்திருந்தது. ஆனால் உள்ளே தண்ணீர் இருந்தது. கண்ணாடி காட்டிய அதே அளவுக்கு, பாதிக்கு. கண்ணாடி பொய் சொல்லவில்லை. இன்னும் ஒரு சுற்று ஓட்டியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. தண்ணீர் இருக்கும்போதே நெருப்பை அணைத்தவன் என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரை என்னைக் கிண்டல் செய்தார்கள். மில்காரரும் சேர்ந்துகொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "மறுபடியும் சந்தேகம் வந்தா மறுபடியும் தள்ளு," என்று சொல்லி இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உள்ளே தண்ணீர் இருந்ததென்று எங்களுக்குத் தெரிந்தது மறுநாள்தானே?

பொன்னுசாமி யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நானும் கூடப் போயிருந்தேன், அடி விழுந்தால் பங்கு போட. அங்கே நின்ற பெண்கள், "அதான் இந்த மாசம் பூரா பானையில தண்ணி குறையவே இல்லையா!" என்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கையி சாயலையாக்கும்."

"சாயலக்கா."

"திருடிக் குடிச்சிருந்தாவாவது ஒதைச்சிருப்பேன். ஒன்னய என்ன செய்ய?" பக்கத்திலிருந்த பானையின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். "சரி. லாரித் தண்ணி ஊத்தத்தான ஒனக்குக் கையி வரல. குடுக்குறவன் கையில இருந்து வாங்கி ஊத்து. வார ஞாயித்துக்கெழம ரயிலு ஓடும். டிக்கெட்டு, ஆளுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி. அவனவன் வீட்டுத் தண்ணி."

பாய்லரைக் கழுவி, அந்த ஒற்றை வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசலும் வைத்தோம். இந்தத் தடவை சிக்கனம் பற்றிப் பொன்னுசாமி வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை ஆலை வாசலைத் தாண்டி நின்றது. சொம்பு, டம்ளர், தூக்குவாளி, ஊறுகாய் பாட்டில் என்று ஆளுக்கு ஒன்று. நடக்கும்போது ததும்பிவிடாமல், எல்லாப் பிள்ளைகளும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றன. அந்தப் பள்ளிக்கூடத்தில் அத்தனை அமைதியை வாத்தியார்கள் கண்டதே இல்லை. பொன்னுசாமி எஞ்சின் தொட்டியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றான். முதல் சொம்பை வாங்கி, தொட்டி வாயருகே கொண்டுபோய் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை, "ஊத்துங்க மாமா," என்றது. ஊற்றினான். கை சாய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் முதலாளியும் வெள்ளிச் சொம்போடு வந்தார். அக்கா அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். முன்னால் நின்ற என்னைப் பார்த்தும் பார்க்காமலும் அவர் அக்காவிடம் கோயம்புத்தூர் மிஷினைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். அக்காவுக்கு முணுமுணுக்கத் தெரியாது.

"மிஷினு பக்கத்துல கைய வைக்கப் போறது நீயா? நம்ம பொம்பளையதான வைக்கப் போறாவ? மொதலாளி சொல்லியும் கேக்காம நிப்பாட்டுனான் பாரு, அவன் செஞ்சு குடுக்குற மிஷினுதான் எனக்கு வேணும். கோயம்புத்தூர்க்காரன் நிப்பாட்டுவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. இவன் நிப்பாட்டுவான்."

நீங்கள் இன்றைக்கு இந்த ஃபேன் காற்றில் உட்கார்ந்து என் அறுவையைக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த வார்த்தையால்தான். அக்காவுக்கு நான் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. கண்ணில் கரி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். காலி. வெயிலில் வரிசை நகர நகர, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்று, தாங்காமல் குடித்துவிட்டாள் போலிருக்கிறது. உதடு இன்னும் ஈரமாக இருந்தது.

"தாகமா இருந்துச்சு," என்றாள். ஏறுவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் அக்காவின் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் இல்லாமல் ஏற்றக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

பொன்னுசாமி அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினான். எஞ்சின் தொட்டிக்குள் அதை முக்கி, நிறைய மொண்டான். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கி, துணி வழியாகத் திரும்பவும் தொட்டிக்குள்ளேயே ஊற்றினான்.

"தண்ணி வாங்கியாச்சு. ஏறு," என்றான்.

"ஏலே பொன்னுசாமி!" வாசலிலிருந்து அக்காவின் குரல். "மறுபடியும் தண்ணிய மாத்துதியா?"

அவன் டம்ளரோடு அப்படியே நின்றான். நானும் நின்றேன்.

"அவள முன்னால உக்கார வையி," என்றார் அக்கா. "பின்னால கரி பறக்கும்."

அன்றைக்கு அந்த எஞ்சினுக்குள் இரண்டு தடவை போன தண்ணீர் அது ஒன்றுதான்.